ரோம் வீழ்ந்தபோது கடவுள் எங்கே இருந்தார்?

'அவனன்றி ஓரணுவும் அசையாது' என்பது தமிழர் வீடுகளில் அன்றாடம் புழங்கும் சொல். கிறிஸ்தவ சமயமும் இதே கருத்தைத் தன் அடிப்படை நம்பிக்கைகளுள் ஒன்றாகக் கொண்டிருக்கிறது. உலகைப் படைத்த கடவுள், படைத்ததோடு விலகிப் போய்விடவில்லை. அரசுகள் எழுவதும் வீழ்வதும், மழையும் பஞ்சமும், ஒரு மனிதனின் பிறப்பும் இறப்பும் அவருடைய ஆளுகைக்கு உட்பட்டவையே என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள். இறையியலார் இதனைக் கடவுளின் இறையாண்மை என்பர்.

நல்லது நடக்கும்போது இதைச் சொல்வது எளிது. ஊர் பற்றி எரியும்போது என்ன சொல்வது? 'எல்லாம் அவர் செயல் என்றால் இந்த அழிவும் அவர் செயல்தானா? அப்படியானால் அழிந்தவர்கள் எல்லாரும் பாவிகளா?' இந்தக் கேள்வி கிறிஸ்தவ உலகத்தையே உலுக்கிய நாள் ஒன்று உண்டு. அது கி.பி. 410 ஆகஸ்ட் 24.

மூன்று நாள் கொள்ளை

அன்று அலாரிக் என்ற தலைவனின் கீழ் விசிகோத் படையினர் ரோம் நகருக்குள் புகுந்தனர். மூன்று நாள்கள் கொள்ளை நடந்தது. ஏறத்தாழ 800 ஆண்டுகளாக எந்த அந்நியப் படையும் கைப்பற்றாத நகரம் அது. 'நித்திய நகரம்' என்று பெயர் பெற்றிருந்த நகரம்.

இது திடீரென்று வந்த ஆபத்து அல்ல. 408-ஆம் ஆண்டிலேயே அலாரிக் ரோமை முற்றுகையிட்டான். அப்போது நகரத்தார் 5,000 பவுண்டு தங்கமும் 30,000 பவுண்டு வெள்ளியும் கொடுத்து உயிர் தப்பினர். அந்தப் பட்டியலில் 3,000 பவுண்டு மிளகும் இருந்தது என்று வரலாற்றாசிரியர் சோசிமஸ் குறிப்பிடுகிறார். தென்னிந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து கப்பலேறிய மிளகு, ரோமில் அவ்வளவு மதிப்புடைய பொருளாக இருந்தது. பேரரசர் ஹொனோரியஸோ சதுப்பு நிலங்கள் சூழ்ந்த ரவென்னா நகரில் பாதுகாப்பாக இருந்துகொண்டு, உடன்பாட்டுக்கும் வராமல் உதவிக்கும் வராமல் காலம் கடத்தினார்.

ரோம் வீழ்ந்த செய்தி கடல் கடந்து பரவியது. பெத்லகேமில் வாழ்ந்த ஜெரோம் என்ற துறவி, பைபிளை இலத்தீன் மொழியில் ஆக்கிய பேரறிஞர். செய்தி கேட்ட துயரத்தில் அவர் தாம் எழுதிக்கொண்டிருந்த எசேக்கியேல் நூலின் விளக்கவுரையைத் தொடர முடியாமல் நிறுத்திவிட்டார். அகதிகள் கூட்டம் கூட்டமாக வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகருக்கு வந்து இறங்கினர். அவர்களோடு ஒரு குற்றச்சாட்டும் வந்து இறங்கியது.

வெற்றியே சான்று என்ற கணக்கு

'பழைய தெய்வங்களை வணங்கிய காலத்தில் ரோம் உலகை வென்றது. கிறிஸ்தவர்கள் வந்து கோயில்களை மூடினார்கள். ரோம் வீழ்ந்தது. இதற்கு யார் பொறுப்பு?' இதுதான் அந்தக் குற்றச்சாட்டு.

எளிதில் தள்ளிவிட முடியாத கேள்வி இது. காரணம், அந்தக் கணக்கைக் கிறிஸ்தவர்களே ஒரு நூற்றாண்டுக் காலம் போட்டு வந்திருந்தனர். 312-இல் கான்ஸ்டன்டைன் மில்வியன் பாலப் போரில் வென்று, கிறிஸ்தவர்களை ஆதரித்தபோது, 'பார்த்தீர்களா, எங்கள் கடவுள் தந்த வெற்றி' என்று அவர்கள் மகிழ்ந்தனர். சிசேரியா நகர ஆயர் யூசிபியஸ், ரோமப் பேரரசின் எழுச்சியையே கடவுளின் திட்டமாக எழுதிக் காட்டினார். 380-இல் தியோடோசியஸ் கிறிஸ்தவத்தை அரசு சமயமாக்கினார். 391, 392-ஆம் ஆண்டுகளின் ஆணைகள் பழைய பலிகளைத் தடை செய்தன.

வெற்றி கடவுளின் கையெழுத்து என்றால், தோல்வி யாருடைய கையெழுத்து? ஒரு நூற்றாண்டுப் பெருமிதம் 410-இல் இப்படித் திரும்பி வந்து நின்றது.

ஹிப்போ நகரிலிருந்து ஒரு பதில்

இன்றைய அல்ஜீரியாவில் அனாபா என்று வழங்கும் துறைமுகத்துக்கு அன்று ஹிப்போ என்று பெயர். அதன் ஆயர் அகஸ்டின். கார்த்தேஜில் பேரரசின் அதிகாரியாக இருந்த மார்செலினஸ் என்பவர் அவருக்குக் கடிதம் எழுதினார். வொலுசியானஸ் போன்ற கற்றறிந்த பிரபுக்கள் கேட்கும் கேள்விகளுக்கு முறையான பதில் வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். கடிதங்களில் தொடங்கிய பதில் 413-இல் ஒரு நூலாக உருவெடுத்தது. 'கடவுளின் நகரம்' என்ற அந்த நூல் 22 பகுதிகளாக விரிந்து முடிய ஏறத்தாழ 13 ஆண்டுகள் ஆயின.

அகஸ்டின் முதலில் வரலாற்றைப் புரட்டிக் காட்டினார். கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே கௌல் இனத்தார் ரோமை எரித்தனர். கி.மு. 216-இல் கன்னே போர்க்களத்தில் ஹனிபால் ரோமப் படையை அழித்தான். மாரியஸ், சுல்லா காலத்து உள்நாட்டுப் போர்களில் ரோமரே ரோமரைக் கொன்று குவித்தனர். அப்போது பழைய தெய்வங்களுக்குப் பூசை குறைவின்றி நடந்துகொண்டுதானே இருந்தது?

இத்தோடு நிறுத்தியிருந்தால் அது வழக்காடுபவரின் வாதமாக மட்டுமே இருந்திருக்கும். அகஸ்டின் தம் பக்கத்தாரையும் விட்டுவைக்கவில்லை. கிறிஸ்தவ மன்னன் என்பதற்காகக் கடவுள் நீண்ட ஆயுளும் வெற்றியும் தருவார் என்ற எண்ணத்தையே அவர் உடைத்தார். கான்ஸ்டன்டைன் நெடுங்காலம் ஆண்டார், உண்மைதான். ஆனால் கிறிஸ்தவரான ஜோவியன் எட்டே மாதங்களில் இறந்து போனார். கிறிஸ்தவத்தைக் கைவிட்ட ஜூலியன் அவரைவிட அதிக காலம் ஆண்டார். பக்தியுள்ள கிராஷியன் 383-இல் கொலையுண்டார். கொடியவனான நீரோவின் கையிலும் ஒரு காலத்தில் ஆட்சி இருந்தது. மண்ணுலக ஆட்சியை நல்லவருக்கும் கெட்டவருக்கும் கடவுள் தருகிறார். அதற்கான காரணம் அவருக்குத் தெரியும், மனிதனுக்குத் தெரியாது என்றார் அகஸ்டின். பதவிக்கும் சுகத்துக்குமாக ஒருவரும் கிறிஸ்தவராகிவிடக் கூடாது என்பதும் அவர் கருத்து.

துன்பமும் அப்படித்தான். ஒரே அடி நல்லவன் மீதும் விழுகிறது. தீயவன் மீதும் விழுகிறது. யார் மீது விழுந்தது என்பதை வைத்து அவன் தரத்தை அளக்க முடியாது. அதை அவன் எப்படி ஏற்றுக்கொள்கிறான் என்பதில்தான் வேறுபாடு.

இந்தச் சிந்தனைக்குப் பைபிளிலேயே வேர் உண்டு. சிலோவாம் என்ற இடத்தில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் மாண்டனர். அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்று இயேசு வெளிப்படையாகச் சொன்னதை லூக்கா நூல் பதிவு செய்திருக்கிறது. ஏசாயா நூலோ, யூத சமயத்தைச் சாராத பாரசீக மன்னன் சைரஸைக் கடவுளின் கருவியாகக் காட்டுகிறது. கி.மு. 539-இல் பாபிலோனைக் கைப்பற்றிய அவன்தான் சிறைப்பட்டிருந்த யூதர்கள் தாயகம் திரும்ப வழிவிட்டான்.

இந்த வாதங்களுக்கிடையே அகஸ்டின் ஒரு மனிதக் கடமையையும் செய்தார். ரோமில் மானபங்கப்படுத்தப்பட்ட பெண்களைச் சிலர் ஏளனம் செய்தனர். அவமானம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்ட பழங்கால ரோமப் பெண் லுக்ரீசியாவை எடுத்துக்காட்டாகச் சொல்வதும் அன்றைய வழக்கம். அகஸ்டின் அதை மறுத்தார். மனம் இசையாதபோது குற்றமும் இல்லை, கறையும் இல்லை, குற்றம் செய்தவனுடையதே, பாதிக்கப்பட்டவள் சாக வேண்டியதில்லை என்று எழுதினார். 'கடவுள் அனுமதித்தார், ஆகவே அவள் மீதுதான் ஏதோ பிழை' என்ற பேச்சுக்கு அவர் இடம் கொடுக்கவில்லை.

விதியும் அல்ல, கிரகமும் அல்ல

எல்லாம் கடவுள் கையில் என்றால் மனிதன் வெறும் பொம்மையா? இந்தக் கேள்வியையும் அகஸ்டின் எதிர்கொண்டார். ரோமின் பெருமைக்குக் கிரக நிலையே காரணம் என்றவர்களிடம் அவர் இரட்டைப் பிள்ளைகளைக் காட்டினார். ஏசாவும் யாக்கோபும் ஒரே வயிற்றில், ஒரே வேளையில், ஒருவர் பின் ஒருவராகப் பிறந்தவர்கள். ஆனால் இருவர் வாழ்க்கையும் இரு வேறு திசையில் சென்றது. ஜாதகம் உண்மையானால் இது எப்படி என்று கேட்டார்.

மறுபக்கம், கடவுள் எதிர்காலத்தை அறிந்திருந்தால் மனிதனுக்குச் சுதந்திரம் இல்லை என்று வாதிட்டவர் ரோம அறிஞர் சிசெரோ. அகஸ்டின் அதையும் ஏற்கவில்லை. மனிதன் தன் விருப்பத்தால் செய்வான் என்பதையும் சேர்த்தே கடவுள் அறிந்திருக்கிறார். ஆகவே செய்த செயலுக்கு மனிதனே பொறுப்பு என்றார். கொள்ளையடித்த வீரன், 'கடவுள் சித்தம்' என்று சொல்லிக் கையைக் கழுவிவிட முடியாது.

கேள்வி கேட்டவரின் முடிவு

நூல் தொடங்கிய அதே ஆண்டிலேயே அதற்குச் சோதனை வந்தது. யாருடைய வேண்டுகோளால் நூல் பிறந்ததோ, யாரை விளித்து அதன் முதல் வரிகள் எழுதப்பட்டனவோ, அந்த மார்செலினஸ் கைது செய்யப்பட்டார். ஆப்பிரிக்காவில் நடந்த ஒரு கிளர்ச்சியோடு தொடர்புபடுத்திய குற்றச்சாட்டு அது. அகஸ்டின் அவருக்காக மன்றாடியும் பயனில்லை. 413 செப்டம்பரில் அவர் தலை துண்டிக்கப்பட்டது. நேர்மையான அதிகாரி, பக்தியுள்ளவர், நண்பர். அவர் மீதும் அடி விழுந்தது. அகஸ்டின் எழுதுவதை நிறுத்தவில்லை. எழுதிய கருத்தையும் மாற்றவில்லை.

அகஸ்டினிடம் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. தொனாத்தியர் என்ற பிரிவினரை அடக்க அரசு தன் அதிகாரத்தைப் பயன்படுத்தியதை அவர் ஆதரித்தார். பேரரசையும் கடவுளையும் பிரித்துக் காட்டிய அதே கை, பேரரசின் வாளைத் துணைக்கு அழைத்தது. கடவுள் தம் பக்கம் என்ற எண்ணத்திலிருந்து முழுவதும் விடுபடுவது அவருக்கும் எளிதாக இருக்கவில்லை.

லிங்கன் எழுப்பிய அதே கேள்வி

ஏறத்தாழ 1,450 ஆண்டுகளுக்குப் பின் இந்தக் கேள்வி அமெரிக்காவில் எழுந்தது. 1861-இல் தொடங்கிய உள்நாட்டுப் போர், 6 இலட்சத்துக்கும் அதிகமானோரைப் பலிகொண்டது. வடக்கிலும் தெற்கிலும் தேவாலயங்களில் வெற்றிக்காகப் பிரார்த்தனை நடந்தது. 1865 மார்ச் 4-ஆம் நாள் இரண்டாம் முறை பதவியேற்ற அதிபர் ஆபிரகாம் லிங்கன், வெற்றி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் வெற்றிப் பேச்சுப் பேசவில்லை. இரு தரப்பும் ஒரே பைபிளைப் படிக்கிறது, ஒரே கடவுளை வேண்டுகிறது. இருவர் வேண்டுதலும் முழுமையாக நிறைவேற முடியாது, நிறைவேறவும் இல்லை. கடவுளுக்குத் தமக்கென்று நோக்கங்கள் உண்டு என்ற பொருளில் பேசினார்.

அடிமை முறை என்ற குற்றத்துக்கான தண்டனை தெற்குக்கு மட்டும் வந்ததாக அவர் சொல்லவில்லை. இரு தரப்புக்கும் வந்தது என்றார். அதே வேளையில் அடிமை முறை தவறு என்பதில் அவர் தடுமாறவும் இல்லை. ஆறு வாரங்களுக்குள், ஏப்ரல் 15-ஆம் நாள், துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்.

முற்றுகைக்குள் ஒரு முதியவர்

அகஸ்டினின் இறுதி நாள்களும் போரின் நடுவேதான் கழிந்தன. 430-இல் வேண்டல் படையினர் ஹிப்போவைச் சூழ்ந்துகொண்டனர். அவருக்கு அப்போது வயது 75. நகருக்குள் அவரோடு இருந்த ஆயர் பொசிடியஸ் பின்னர் அவர் வரலாற்றை எழுதினார். அகஸ்டின் அப்போது என்ன வேண்டினார் என்பதும் அதில் இருக்கிறது. கடவுள் இந்த நகரை விடுவிக்க வேண்டும். அது அவர் சித்தமில்லை என்றால் தம் மக்களுக்குத் தாங்கும் வலிமை தர வேண்டும். அல்லது தம்மை இவ்வுலகிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். முற்றுகையின் மூன்றாம் மாதத்தில், ஆகஸ்ட் 28-ஆம் நாள் அவர் இறந்தார்.

வேண்டல் படை வந்தது யார் பாவத்தால் என்று அந்தப் பிரார்த்தனை கணக்குப் பார்க்கவில்லை. நகரம் கட்டாயம் தப்பும் என்று யாருக்கும் உறுதி சொல்லவும் இல்லை. கடவுள் ஆளுகிறார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. அவருடைய கணக்குப் புத்தகம் தன் கையில் இருக்கிறது என்று ஒரு மனிதன் எண்ணத் தொடங்கினால், வென்றவனுக்கு ஆணவமும் விழுந்தவனுக்குப் பழியுமே மிஞ்சும். 410-இல் ரோமின் புகை கற்பித்த பாடம் இதுவே.