காஷ்மீர்: வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து மறைந்தவர்கள்

2019 டிசம்பரில், காஷ்மீர் உறவினர்களைக் கொண்ட வாட்ஸ்அப் குழுக்களில் 'வெளியேறினார்' என்ற அறிவிப்பு அடுத்தடுத்து வந்தது. உண்மையில் யாரும் வெளியேறவில்லை. 120 நாட்கள் இயங்காத கணக்கை அந்நிறுவனம் தானாகவே நீக்கிவிடும். ஆகஸ்ட் 4 இரவு நின்ற இணையம் அதுவரை திரும்பியிருக்கவில்லை. மறுநாள்தான் 370வது பிரிவின் சிறப்புத் தகுதி நீக்கப்பட்டது.

ஒரு தளத்தையோ பதிவையோ முடக்க தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு உள்ளது. ஒரு பகுதியின் இணையத்தையே துண்டிப்பது வேறு; அதற்கு அப்போது 2017ஆம் ஆண்டின் விதிகள் இருந்தன. இவ்விரண்டையும் பலர் ஒன்றாகவே கருதுகிறார்கள்.

அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், காலவரையற்ற முடக்கம் கூடாது, உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் இணையத்தை உடனே திறக்கும்படி சொல்லவில்லை. முடக்க உத்தரவுகளை மறுஆய்வு செய்யச் சொன்னதோடு நின்றது.

அம்மாத இறுதியில் 2ஜி வந்தது. முதலில் அனுமதிக்கப்பட்டவை 301 தளங்கள்; சமூக ஊடகம் அதில் இல்லை. மக்கள் விபிஎன் வழியாக ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் பார்த்தார்கள். சமூக ஊடகத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக பிப்ரவரியில் காவல்துறை யூஏபிஏ சட்டத்தில் வழக்குப் பதிந்தது. மார்ச் 4இல் அந்தத் தடை நீங்கியது. வேகம் மட்டும் கூடவில்லை. கொரோனா வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் இணையவழி வகுப்புகளும் அதே 2ஜியில்தான் நடந்தன. ஆகஸ்டில் கந்தர்பால், உதம்பூர் ஆகிய இரு மாவட்டங்களுக்கு மட்டும் 4ஜி கிடைத்தது. மற்றவர்களுக்கு 2021 பிப்ரவரியில்தான் வந்தது.