மலாயாக் காசும் மேடே ஆஸ்பத்திரியும்



இந்த மலரைக் கையில் வைத்திருக்கிற உங்களில் பலர் ஒரு வேலைக் கடிதத்தை நம்பி இந்த நாட்டுக்கு வந்து இறங்கியவர்கள். சிலர் தாதியாக, சிலர் கணினி வேலைக்கு, சிலர் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்கு. வந்த முதல் கிழமையில் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு அறை, பஸ்ஸுக்கு ஒரு அட்டை, லண்டன் ரோட்டில் முருங்கைக்காய் விற்கிற கடை எது என்ற விசாரணை, ஞாயிற்றுக்கிழமை தமிழில் ஆராதனை எங்கே என்ற கேள்வி. இந்த ஒழுங்கு புதியதல்ல. ஏறக்குறைய நூற்று முப்பது வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு உத்தியோகத்துக்குப் போனவர்களும் இதையேதான் செய்தார்கள். உங்கள் பாட்டனாரோ பூட்டனாரோ அவர்களில் ஒருவராக இருந்திருக்கவும் கூடும். அவர்கள் கதையை இந்த மலரில் எழுதி வைப்பது நல்லது என்று நினைத்தேன்.

கதை பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது. 1824இல் உடுவிலில் பெண்கள் பாடசாலை. சேர்ச் மிஷனும் மெதடிஸ்ட் மிஷனும் தங்கள் பங்குக்குக் கல்லூரிகளை நடத்தின. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தன் முதல் பட்டதாரிகளாக அறிவித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை இருவருமே வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். இருவரும் கடல் தாண்டிப் போனவர்கள் என்பதையும் கவனியுங்கள். படிப்பு வந்துவிட்டது, அதற்கேற்ற வேலை ஊரில் இல்லை. புகையிலைத் தோட்டமும் பனங்காணியும் எத்தனை கிளாக்கர்மாரைத் தாங்கும்? கொழும்பிலும் கண்டியிலும் இருந்த அரசாங்க உத்தியோகங்கள் எல்லாருக்கும் போதவில்லை.

அந்த வேளையில்தான் மலாயா திறந்தது. 1874இல் பங்கோர் உடன்படிக்கைக்குப் பிறகு பிரித்தானியர் மலாய் அரசுகளுக்குள் வந்தார்கள். ஈயம் தோண்டச் சீனர் இருந்தார்கள். தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து கூலிகளைக் கொண்டுவந்தார்கள். ஆனால் கணக்கு எழுதவும், தந்தி அடிக்கவும், காணி அளக்கவும், ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கவும் ஆங்கிலம் தெரிந்த ஆட்கள் வேண்டுமே. மலாயாவுக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரிகளில் பலர் முன்பு இலங்கையில் வேலை பார்த்தவர்கள். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885இல் ஓடிய மலாயாவின் முதல் ரயில்பாதையைப் போட்டதே இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட பயனியர் படைதான். இலங்கைப் பொதுவேலைப் பகுதியில் இருந்த சார்ல்ஸ் எட்வின் ஸ்பூனர் 1891இல் செலாங்கூருக்கு மாற்றலாகி, 1901இல் மலாய் அரசுகளின் ரயில்வேக்கு ஜெனரல் மானேஜர் ஆனார். தான் இலங்கையில் பார்த்துப் பழகிய ஆட்களையே அவர் தேடினார். இன்றைக்கு ஒரு மானேஜர் தான் முன்பு வேலை செய்த இடத்திலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது போலத்தான்.

இங்கே ஒரு வேடிக்கை. காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது 1902இல். யாழ்ப்பாணம் கொழும்புடன் ரயிலால் இணைந்தது 1905இல். ஆகவே தன் ஊரில் ரயிலைக் கண்ணாலும் கண்டிராத யாழ்ப்பாணத்துப் பையன் பலர் மலாயாவில் ரயில்வே உத்தியோகம் பார்த்தார்கள். வேலையைப் போய்த்தான் படித்தார்கள்.

கொழும்பிலிருந்தோ நாகபட்டினத்திலிருந்தோ கப்பல். பினாங்கில் இறங்கினால், முன்பே போன ஊர்க்காரர் ஒருவரின் விலாசம் சட்டைப் பையில் இருக்கும். அவர் வீட்டில் நாலைந்து இளந்தாரிகள் சேர்ந்து இருப்பார்கள். ஒருவர் சமைக்க, மற்றவர்கள் விறகும் சாமானும் பார்த்துக்கொள்ள, செலவு சமமாகப் பிரிக்கப்படும். வேலை கிடைக்கும்வரை புதியவரிடம் பங்கு கேட்பதில்லை. கிடைத்த பிறகு அவர் அடுத்த ஆளுக்கு அதையே செய்ய வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போன புழுக்கொடியலும் பனங்கட்டியும் தீர்ந்தபின் அங்கே கிடைத்ததைச் சாப்பிடப் பழகினார்கள். மலாய் மொழி கடைத்தெருவில் வந்தது. மழை நின்றால் நுளம்பு, நுளம்பு வந்தால் மலேரியாக் காய்ச்சல். அதில் செத்தவர்களும் உண்டு.

மனைவியர் உடனே போகவில்லை. போனவர் சில வருடம் உழைத்து, லீவில் ஊருக்கு வந்து கலியாணம் முடித்து, மீண்டும் தனியே போவார். குவாட்டர்ஸ் கிடைத்த பிறகுதான் மனைவி கப்பல் ஏறுவாள். ஊரில் மலாயா மாப்பிள்ளைக்கு மதிப்பு ஏறியது. சீதனமும் கூடவே ஏறியது. மாதா மாதம் மணி ஓடர் வந்தது. அந்தக் காசில் கிடுகு வேலிக்குள் கல்வீடுகள் எழும்பின, கிணறுகள் கட்டப்பட்டன, தங்கச்சிமார் கரைசேர்ந்தார்கள், கோயில்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் நன்கொடை போனது. யாழ்ப்பாணத்தின் பொருளாதாரத்தை மணி ஓடர் பொருளாதாரம் என்று பிற்காலத்தில் சொன்னார்கள். யாழ்ப்பாணப் பட்டணத்தில் மலாயன் கபே என்ற பெயர்ப் பலகையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காலத்தின் மணம் கொஞ்சம் தெரியும்.

அங்கே கூடியவர்கள் தங்களுக்கென்று இடங்களையும் உண்டாக்கினார்கள். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேக்காரரின் பேட்டை. சைவர்கள் கந்தசுவாமி கோயிலையும் விவேகானந்தா ஆசிரமத்தையும் கட்டினார்கள். மெதடிஸ்ட் தமிழ்ச் சபை கூடியது. தரங்கம்பாடி வழிவந்த தமிழ்நாட்டு லுத்தரன்மார் அதே பிரிக்பீல்ட்ஸில் 1924இல் சீயோன் ஆலயத்தைக் கட்டினார்கள். செலாங்கூரிலும் சிங்கப்பூரிலும் இலங்கைத் தமிழர் சங்கங்கள் எழுந்தன.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். யாழ்ப்பாணத்து உத்தியோகத்தரும் தோட்டத்துத் தமிழரும் பேசியது ஒரே மொழி. ஆனால் ஒரே மேசையில் உட்காரவில்லை. தோட்டத்தில் கணக்கெழுதியவர் கிராணி, பால்வெட்டியவர் கூலி. கிராணிக்கு வீடு வேறு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வேறு. வெள்ளைக்காரத் துரை மேலே இருக்க, நடுவில் நின்றவர்கள் கீழே இருந்தவர்களிடம் காட்டிய அதிகாரத்தைத் தோட்டத் தமிழர் மறக்கவில்லை. இன்று நம் ஆராதனைகளில் கம்பெனி அனுப்பிய மென்பொருள் பொறியியலாளரும், இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்த பராமரிப்புப் பணியாளரும் ஒரே வரிசையில் இருக்கிறார்கள். ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது யார் யாரோடு நின்று பேசுகிறார்கள் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை கவனித்துப் பாருங்கள்.

போனவர்களின் எண்ணமெல்லாம் திரும்பி வருவதுதான். ஐம்பத்தைந்து வயது, பென்சன், ஊரில் கல்வீடு, முற்றத்தில் சாய்மனைக் கதிரை. பலருக்கு அது நடந்தது. மலாயன் பென்சன்காரர் என்று ஊரில் ஒரு வகுப்பே இருந்தது. எல்லாருக்கும் நடக்கவில்லை. கோலாலம்பூர் 1942 ஜனவரி 11இல் ஜப்பானியர் கையில் விழுந்தது, சிங்கப்பூர் பெப்ரவரி 15இல். அன்றோடு மணி ஓடர் நின்றது, கடிதம் நின்றது. மூன்றரை வருடம் கணவன் உயிரோடிருக்கிறானா என்று தெரியாமல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் காத்திருந்தார்கள். அங்கே பல்லாயிரக்கணக்கான தோட்டத் தமிழரைச் சயாம்-பர்மா ரயில்பாதை போட இழுத்துப் போனார்கள். அதில் திரும்பாதவர்களின் சரியான கணக்கு இன்றுவரை இல்லை.

அந்தப் போர் லண்டனில் இருந்த ஒரு யாழ்ப்பாணத்து வாலிபரையும் தொட்டது. சி. இராஜரத்தினம் 1915இல் வட்டுக்கோட்டையில் பிறந்து, கைக்குழந்தையாகவே மலாயா போய், சிரம்பானில் வளர்ந்தவர். தகப்பனார் ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வையாளர். சட்டம் படிக்க 1930களில் இங்கே கிங்ஸ் கல்லூரிக்கு வந்தார். போரினால் வீட்டிலிருந்து பணம் வருவது நின்றது. படிப்பை முடிக்க முடியவில்லை. பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தார். 1947இல் மலாயா திரும்பியவர், 1965இல் சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டு அமைச்சரானார். அந்நாட்டுப் பிள்ளைகள் பள்ளியில் சொல்லும் தேசிய உறுதிமொழியை 1966இல் எழுதியவரும் அவரே. வேலைக்கென்று போன ஒரு தகப்பனின் மகன் போன நாட்டையே தன் நாடாக்கிக்கொண்டார். 1957இல் மலாயா சுதந்திரம் பெற்றபோது ஒவ்வொரு யாழ்ப்பாணக் குடும்பமும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது: திரும்புவதா, இருப்பதா? அண்ணன் திரும்பித் தம்பி தங்கிய வீடுகள் பல.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். தோர்ண்டன் ஹீத்தும் ரயில் உண்டாக்கிய ஊர்தான். நிலையம் 1862இல் திறந்தது. நாம் இன்னும் மேடே என்றே சொல்கிற ஆஸ்பத்திரி 1885இல், அதாவது தைப்பிங்கில் முதல் ரயில் ஓடிய அதே வருடத்தில், ஏழைகளுக்கான மருத்துவமனையாகத் தொடங்கியது. 2010இல்தான் குரோய்டன் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி என்று பெயர் மாறியது. தேசிய சுகாதார சேவை 1948 ஜூலை 5இல் பிறந்தபோதே இந்நாட்டுக்கு ஆள் போதவில்லை. 1962ஆம் வருடச் சட்டம் பொதுநலவாய நாட்டவருக்கு வவுச்சர் முறையைக் கொண்டுவந்தது: வேலை உறுதியானவர்களுக்கு ஏ, தகுதி உள்ளவர்களுக்கு பி. டாக்டர்மாரும் தாதிமாரும் ஆசிரியர்களும் பி வவுச்சரில் வந்தார்கள். 1973 முதல் அதன் இடத்தில் வேர்க் பெர்மிட். 1983க்குப் பிறகு வந்த நம் மக்களில் மிகப் பலர் வேலைக்கு வந்தவர்கள் அல்லர், உயிரைக் காக்க வந்தவர்கள். அவர்கள் கதை தனியாக எழுதப்பட வேண்டியது. ஆனால் எந்த வழியில் வந்தவருக்கும் குரோய்டனில் லூனர் ஹவுஸ் வரிசை தெரியும்.

இப்போது வருகிறவர்களுக்குச் சட்டம் இன்னும் இறுகியிருக்கிறது. 2022 பெப்ரவரியில் பராமரிப்புப் பணியாளருக்கு விசா திறந்தது. 2024 மார்ச் 11 முதல் அந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர் துணையையோ பிள்ளைகளையோ கூட்டிவர முடியாது என்றானது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதே நின்றது. மலாயாவுக்குப் போனவர் குவாட்டர்ஸ் கிடைக்கும்வரை மனைவியைப் பிரிந்திருந்தார். அது ஒருநாள் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். நம் நடுவில் ஊரில் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவந்து, தொலைபேசித் திரையில் அதன் பிறந்தநாளைப் பார்க்கிற சகோதரிக்கு அந்த நாள் எது என்று சொல்ல யாரும் இல்லை. வேலை கொடுத்தவர் கைவிட்டால் வேறு ஸ்பொன்சர் தேடப் பொதுவாகக் கிடைப்பது அறுபது நாள். மலாயாவின் கூட்டு வீடுகளில் வேலை கிடைக்கும்வரை பங்கு கேட்காத வழக்கத்தை நான் மேலே எழுதியது இவர்களை மனதில் வைத்துத்தான். காலியாய் இருக்கிற ஒரு அறை, சட்ட ஆலோசனைக்குக் கூடப் போக ஒரு ஆள், ஒரு மாதத்துக்கு அரிசி: அறுபது நாளில் இவை பெரிய உதவி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு மேல்மாடத்திலோ, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பழைய ட்ரங்குப் பெட்டியிலோ, மலாயாக் காலத்துப் படமோ பென்சன் புத்தகமோ கடிதமோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர் என்று வயதானவர்களிடம் இப்போதே கேட்டுப் பென்சிலால் பின்புறம் எழுதி வையுங்கள். பேனாவால் எழுதினால் மை முன்பக்கம் ஊறிவிடும். உங்கள் சொந்த முதல் வேலைக் கடிதத்தையும், முதல் வாடகைப் பற்றுச்சீட்டையும் அதோடு சேர்த்து வையுங்கள்.