சேதுவழியில் நின்ற ஒரு புகைவண்டி நிலையம்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் ஒருங்கே சிறந்து விளங்கும் பதிகளுள் இராமேச்சுரம் தலையாயது. திருஞானசம்பந்தப் பெருமான் 2 திருப்பதிகங்களும், திருநாவுக்கரசு சுவாமிகள் ஒரு திருப்பதிகமும் அருளிச்செய்த பாண்டிநாட்டுத் தலம் அது. நிரம்ப அழகிய தேசிகர் அதன் பெருமையைச் சேது புராணமாகப் பாடி வைத்தார். அத்தலத்தை நாடிச் செல்வோர், திருக்கோயிலுள் அமைந்த 22 தீர்த்தங்களிலும் ஆடி இராமநாதப் பெருமானை வழிபடுவதோடு, தீவின் கோடியில் இருகடல் கூடும் இடத்தில் சேது நீராடி, முன்னோர்க்கு நீர்க்கடன் செலுத்துவதையும் தம் கடமையாகக் கொண்டனர். அக்கோடியே தனுஷ்கோடி. இலங்கைப் போர் முடிந்தபின், வீடணன் வேண்டுகோட்கு இணங்கி இராமபிரான் தம் வில்லின் நுனியால் அணையை உடைத்தமையின் இப்பெயர் வந்தது என்பர்.

திருக்குடமுழுக்கு மலரில் ஒரு புகைவண்டி நிலையத்தின் வரலாறு எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். கோயில்களுக்கு வரலாறு உண்டு. கோயிலுக்குச் செல்லும் வழிகளுக்கும் வரலாறு உண்டு. வழி அமைத்தலும், சத்திரம் எடுத்தலும், தண்ணீர்ப்பந்தல் வைத்தலும் திருப்பணியின் பாற்பட்டனவே என்பது நம் முன்னோர் கொள்கை. சேதுகாவலராகிய சேதுபதி மன்னர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் எடுத்ததும் இக்கருத்துப் பற்றியே. அவ்வழியில் 50 ஆண்டுகள் அடியார்க்குப் பயன்பட்டு, ஓர் இரவில் அழிந்துபட்ட தனுஷ்கோடி நிலையம் நம் நினைவுக்கு உரியது.

பண்டைக் காலத்தில் சேது யாத்திரை பல திங்கள் கொள்ளும் கால்நடைப் பயணம். மண்டபத்திலிருந்து பாம்பன் கால்வாயைப் படகால் கடத்தல் வேண்டும். 1902-ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து மண்டபம் வரை இருப்புப்பாதை வந்தது. 1914-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுள்ள பாம்பன் பாலம் திறக்கப்பெற்றது. கப்பல் வருங்கால் நடுவே இரண்டாகப் பிளந்து மேலெழுந்து வழிவிடுமாறு அமைந்த அப்பாலத்தை, ஆட்கள் கையால் நெம்புகோல்களை இயக்கித் திறந்து வந்தனர். பாம்பனிலிருந்து நேரே தனுஷ்கோடிக்குச் சென்றதே அன்று பெரும்பாதை. இராமேச்சுரத்திற்குச் சென்றது அதன் கிளைப்பாதையே.

இதற்குக் காரணம் இலங்கைப் போக்குவரத்து. அதற்கு முன்னர்ச் சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் தூத்துக்குடிக்குப் போய், ஆண்டிருந்து கப்பலேறுவர். 1914-க்குப் பின்னர்ப் ‘போட் மெயில்’ என்று மக்கள் வழங்கிய வண்டி எழும்பூரிலிருந்து தனுஷ்கோடித் துறைக்கே வந்தது. பயணிகள் இறங்கி, துறையில் நின்ற நீராவிக் கப்பலில் ஏறி, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடலைக் கடந்து தலைமன்னார் சேர்வர். அங்கே கொழும்பு செல்லும் வண்டி காத்து நிற்கும். சென்னையில் வாங்கிய ஒரே சீட்டு கொழும்பு வரை செல்லும். நிலையத்தைச் சூழ்ந்து சுங்கச்சாவடி, அஞ்சல் தந்தி நிலையம், மருத்துவமனை, பள்ளி, மாதாகோயில், யாத்திரிகர் விடுதிகள் எனச் சிற்றூர் ஒன்று மணற்பரப்பில் எழுந்தது.

அந்நிலையத்தின் வழியே சென்றோர் பலதிறத்தர். காசியிலிருந்து கங்கைநீர் சுமந்து வந்து இராமநாதருக்கு ஆட்டி, சேது மணலைக் கங்கையில் சேர்ப்பான் எடுத்துச் செல்லும் வடநாட்டு அடியார் ஒருசாரார். சிதம்பரம் முதலிய தலங்களை வழிபட வந்த ஈழத்துச் சைவர் ஒருசாரார். மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காக நிறுத்தப்பெற்று, பின்னர் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் சென்ற நம் ஏழை மக்கள் பெருந்தொகையினர். அவருள் பலர்க்குத் தாய்நாட்டின் கடைசிக் காட்சி இந்த நிலையமே. புண்ணியம் தேடி வந்தோரும் பிழைப்புத் தேடிச் சென்றோரும் ஒரே மேடையில் நின்றனர்.

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் அந்தமான் தென்கடலில் தோன்றிய காற்றழுத்தத் தாழ்வு, நாளும் வலுத்துப் பெரும்புயலாகி, இலங்கையின் வவுனியாப் பகுதியைக் கடந்து, 22-ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைத் தாக்கிற்று. அலைகள் 20 அடிக்கு மேலும் எழுந்தன என்பர். அவ்விரவு நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653-ஆம் எண் பயணிவண்டி, தனுஷ்கோடியை அணுகுங்கால் கைகாட்டி இயங்காமையின் நின்றது. சற்றுப் பொறுத்தும் குறிப்பொன்றும் வாராமையால், ஓட்டுநர் ஊதலை ஒலித்து வண்டியை மெல்லச் செலுத்தினார். நிலையம் சில நூறு கெஜத் தொலைவில் இருந்தபோது பேரலை ஒன்று வண்டியை வாரிக்கொண்டது. பயணிகள் 110 பேரும் பணியாளர் ஐவரும் மாண்டனர் எனப் பதிவுகள் கூறும். சீட்டின்றி ஏறினோரையும் கூட்டின் தொகை இன்னும் மிகும் என்பாரும் உளர். இருகரையிலுமாக மாண்டோர் ஏறத்தாழ 1,800 பேர்.

அவ்விரவில் இராமேச்சுரம் திருக்கோயில் நூற்றுக்கணக்கானோர்க்குப் புகலிடம் ஆயிற்று. பெருகி வந்த நீர் கோயிலை அணுகி நின்றுவிட்டது என்று கண்டோர் உரைத்தனர். வீடணன் அடைக்கலம் புகுந்த இடமாகப் போற்றப்படும் கோதண்டராமர் கோயிலும் அழியாது நின்றது. இவற்றை நினைந்து மனம் உருகுதல் இயல்பே. ஆயினும் ஒன்றை ஈண்டு வலியுறுத்தல் வேண்டும். கோயில் பிழைத்தது, நிலையம் அழிந்தது என எண்ணி, இறந்தோரை அருள் பெறாதவர் என்று கருதுவது சைவநெறிக்கு ஏலாது. அந்த வண்டியில் இருந்தோரும் சேதுவை நோக்கி வந்தவரே. புகல் புகுந்தோரைக் காத்த பெருமான், கடல் கொண்டோரைக் கைவிட்டான் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. வினையின் போக்கும் அருளின் ஆழமும் நம் சிற்றறிவின் அளவைக்கு அடங்குவன அல்ல.

புயலுக்குப்பின் பாம்பன் பாலம் பொறியாளர் ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாட்களில் செப்பனிடப்பெற்றது. தனுஷ்கோடியோ மக்கள் வாழ்தற்கு ஏலாத இடம் என்று அரசினரால் அறிவிக்கப்பட்டது. பாதை மீண்டும் போடப்படவில்லை. கிளையாக இருந்த இராமேச்சுரமே இறுதி நிலையம் ஆயிற்று. அங்கிருந்து தலைமன்னாருக்குச் சென்ற கப்பலும் 1980-களில், இலங்கையில் போர் மூண்ட காலத்தில் நின்றது. 2017-ஆம் ஆண்டில் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பெற்றது. 2019-இல் தனுஷ்கோடிக்கு மீண்டும் இருப்புப்பாதை அமைக்க அடிக்கல் நாட்டப்பட்டதாயினும் பாதை எழவில்லை. 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய பாலம் திறக்கப்பெற்றது.

இன்று நாள்தோறும் பலர் ஊர்திகளில் தனுஷ்கோடிக்குச் செல்கின்றனர். மாதாகோயிலின் சிதைந்த சுவர்களும் நிலையத்தின் இடிபாடுகளும் அவர்க்குப் படம் எடுக்கும் காட்சிப் பொருள்களாகி நிற்கின்றன. கட்டடம் சிதைதல் இயல்பு. பழுதுற்றதைப் புதுக்கி மீண்டும் நிலைநிறுத்துவதே குடமுழுக்கின் கருத்து. அந்த நிலையத்தை மீண்டும் எழுப்புதல் அரசினர் கருத்தைப் பொறுத்தது. நம்மால் இயன்ற திருப்பணி வேறொன்று உண்டு. சேதுவில் நீராடி, தந்தைக்கும் பாட்டனுக்கும் எள்ளும் நீரும் இறைக்கும் அன்பர்கள், பெயர் அறியாத அந்தப் பயணிகளுக்கும், வண்டியைச் செலுத்தி வந்த பணியாளர்க்கும் ஒரு கை நீர் கூட்டி இறைப்பார்களாக. பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்வோர், இவ்விடத்தில் இன்னது நிகழ்ந்தது என்று சொல்லிக்கொடுப்பார்களாக.

கடல் கொண்டோர்க்கும் கரையில் நிற்போர்க்கும் ஒருங்கே துணையாகிய இராமநாதப் பெருமான் திருவடிகள் வாழ்க.