காஞ்சி நேரலைக்கு ஏற்ற கோடெக்

1979-இல் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் அத்தி வரதர் எழுந்தருளியபோது, தரிசனம் வேண்டுவோர் காஞ்சிக்கே வர வேண்டியிருந்தது. 2019-இல் அவர் மீண்டும் காட்சி தந்த 48 நாட்களின்போது ஏனாத்தூர் போன்ற சுற்றுவட்டார ஊர்கள் வரை கைபேசிக் காணொளி பழகிப்போயிருந்தது. அந்த இடைவெளியில் நேரலையை எளியவர் கைக்குக் கொண்டுவந்தது, காணொளியைச் சுருக்கி விரிக்கும், 2003-இல் வெளியான எச்.264 கோடெக்தான் என்பேன். ஆண்ட்ராய்டோ ஐபோனோ, அதை விரித்துக் காட்டும் சுற்று சிப்பிலேயே இருக்கிறது. பேட்டரியும் சீக்கிரம் தீராது.

காப்புரிமைக் கட்டணம் உண்டே என்பார்கள். நியாயமான ஆட்சேபம்தான்; விபி8 கோடெக் 2010-இலும் ஏவி1 கோடெக் 2018-இலும் கட்டணமின்றி வந்ததற்கு அதுவே காரணம். ஏவி1 குறைந்த டேட்டாவில் தெளிவான படம் தரும். ஆனால் அதற்குரிய சிப் இல்லாத மலிவான போனில் மென்பொருளே முழு வேலையும் செய்ய, படம் திக்கித் திணறும். விழாக்களை ஒளிபரப்புவோரே, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் இலவச நேரலை மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டூடியோவில் முதலில் எச்.264-ஐத் தேர்ந்தெடுங்கள்.