பெயர் பின்னர் அறிவிக்கப்படும்



அமெரிக்கப் பேஸ்பால் விளையாட்டின் ஒப்பந்தங்களில் விசித்திரமான ஒரு தொடர் உண்டு. ஓர் அணி தன் வீரரை மற்றோர் அணிக்குக் கொடுக்கிறது. பதிலுக்கு எவரைப் பெறுவது என்பது அன்று முடிவாகவில்லை. அப்போது அந்த இடத்தில், "பெயர் பின்னர் அறிவிக்கப்படும் வீரர்" என்று எழுதிவிடுகிறார்கள். 1962 ஏப்ரலில் ஹாரி சீட்டி என்ற வீரரைக் கிளீவ்லாந்து அணி நியூயார்க் மெட்ஸ் அணிக்கு இவ்விதமாகவே கொடுத்தது. ஜூன் மாதத்தில் மெட்ஸ் அணி தன் கடனைத் தீர்த்தது. கிளீவ்லாந்துக்கு அனுப்பப்பட்டவர் அதே ஹாரி சீட்டி. தனக்கு ஈடாகத் தானே கொடுக்கப்பட்ட மனிதர் என்று அவரைப் பற்றி இன்றும் சிரித்துப் பேசுகிறார்கள். ஆனால் இரண்டு மாதங்களில் இருமுறை மூட்டை கட்டிய அந்த மனிதருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று கேட்டவர்கள் சிலரே.

பேஸ்பால் ரசிகர்களுக்குக் குளிர்காலத்திலும் ஓய்வில்லை. ஆட்டங்கள் நின்ற பிறகு, யார் எந்த அணிக்குப் போகிறார், யார் புதிதாக ஒப்பந்தமாகிறார், வளர்ந்துவரும் இளைஞர்களில் யார் தேறுவார் என்பதையே பேசிக்கொண்டிருப்பார்கள். பனிக்காலத்தில் அடுப்பைச் சுற்றி அமர்ந்து பேசிய பழைய வழக்கத்தால், அந்தப் பேச்சுக்கு 'ஹாட் ஸ்டோவ்' என்றே பெயர் வந்தது. அதில் குற்றமொன்றும் இல்லை. ஒரு விளையாட்டை நேசிப்பவன் அதன் நாளையைப் பற்றிக் கனவு காண்பது இயல்பே. எனினும் அந்தப் பட்டியல்களுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் திருச்சபையோடு நெருங்கிய உறவுள்ள இருவரும் வருகிறார்கள். ஆகவே அதை நாம் அறிந்துகொள்வது நலம்.

1879ஆம் ஆண்டிலேயே அணி உரிமையாளர்கள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். ஒவ்வோர் அணியும் குறிப்பிட்ட சில வீரர்களைத் தனக்கென ஒதுக்கிக்கொள்ளலாம். மற்ற அணிகள் அவர்களை அழைக்கக் கூடாது. நாளடைவில் இது எல்லா வீரர்களுக்கும் விரிந்து, ஒப்பந்தத்தின் ஒரு பிரிவாகவே நிலைபெற்றது. வீரர் கையெழுத்திடுவது ஓராண்டுக்குத்தான். ஆனால் ஆண்டு முடிந்ததும் அதைப் புதுப்பிக்கும் உரிமை அணிக்கு மட்டுமே உண்டு. அணி விரும்பினால் அவரை வைத்துக்கொள்ளலாம், விற்கலாம், வேறொருவருக்கு மாற்றாகக் கொடுக்கலாம். வீரருக்கு இருந்த ஒரே மாற்றுவழி விளையாட்டையே விட்டுவிடுவதுதான். 1922இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், பேஸ்பால் போட்டி எதிரிடை வணிகத் தடைச் சட்டத்தின் கீழ் வராது என்று தீர்ப்பளித்தது. அதனால் அந்த ஏற்பாட்டுக்குச் சட்டத்தின் காவலும் கிடைத்தது.

இந்த ஏற்பாட்டில் எவரையும்விடத் தேர்ந்தவர் பிராஞ்ச் ரிக்கி. அவருடைய முழுப்பெயர் வெஸ்லி பிராஞ்ச் ரிக்கி. 1881இல் ஓஹையோ மாநிலத்தில் பக்தியுள்ள மெதடிஸ்டு குடும்பமொன்றில் பிறந்தவர். ஜான் வெஸ்லியின் பெயரைத் தாங்கியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாட்டு மைதானத்துக்குப் போவதில்லை என்ற உறுதியைத் தம் தாயின் பொருட்டுக் கைக்கொண்டார். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியைப் பொறுப்பேற்றபோது அந்த அணியிடம் பணம் இல்லை. பேர்பெற்ற வீரர்களை விலைகொடுத்து வாங்க இயலாத ரிக்கி, சிற்றூர்களில் உள்ள சிறிய அணிகளை வாங்கி, அவற்றில் இளைஞர்களைச் சேர்த்து வளர்த்தார். உழவர்கள் பயிரை வளர்ப்பதற்கு ஒப்பிட்டு இதனைப் 'பண்ணை முறை' என்றார்கள். விளைந்ததில் சிறந்தது தம் அணிக்கு, எஞ்சியது விற்பனைக்கு. 1926, 1931, 1934, 1942 ஆகிய ஆண்டுகளில் கார்டினல்ஸ் உலகத் தொடரை வென்றது. அவருடைய பண்ணையில் முப்பதுக்கும் மேற்பட்ட அணிகளும் பல நூறு இளைஞர்களும் இருந்தனர். வீரர்களை விற்ற தொகையில் ரிக்கிக்கு ஒரு பங்கும் உண்டு. 1938இல் பேஸ்பால் ஆணையர் லாண்டிஸ், முறைகேடாகக் கட்டிவைக்கப்பட்டிருந்த எழுபதுக்கும் மேற்பட்ட கார்டினல்ஸ் பண்ணை வீரர்களை விடுவித்தார்.

இதே மனிதருக்கு மற்றொரு முகமும் இருந்தது. இளமையில் ஓஹையோ வெஸ்லியன் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராக அவர் இருந்தபோது, சார்லஸ் தாமஸ் என்ற கறுப்பின மாணவரும் அணியில் இருந்தார். இந்தியானா மாநிலத்து விடுதியொன்று தாமஸுக்கு அறை தர மறுத்தது. ரிக்கி வாதாடித் தம் அறையிலேயே அவரைத் தங்கவைத்தார். அன்றிரவு அந்த இளைஞர் தம் தோலை உரித்துவிட முடியுமானால் என்று கைகளைத் தேய்த்துக்கொண்டு அழுததைத் தம்மால் மறக்கவே முடியவில்லை என்று ரிக்கி பிற்காலத்தில் பலமுறை சொன்னார்.

1942இன் இறுதியில் ரிக்கி புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு வந்தார். 1945 ஆகஸ்டு 28 அன்று ஜாக்கி ராபின்சன் என்ற இளைஞரைத் தம் அலுவலகத்துக்கு அழைத்தார். அறுபது ஆண்டுகளாகப் பெரிய அணிகளில் கறுப்பின வீரர் எவருக்கும் இடமில்லாதிருந்த காலம் அது. ராபின்சனும் மெதடிஸ்டு சபையைச் சேர்ந்தவர். பாசடீனா நகரில் தடம் மாறவிருந்த அவரை நட்பினால் நெறிப்படுத்தியவர் கார்ல் டௌன்ஸ் என்ற இளம் போதகர். அந்தச் சந்திப்பில் ரிக்கி இழிசொல் பேசும் விடுதிக்காரராகவும், வம்புக்கிழுக்கும் எதிரணி வீரராகவும் மாறிமாறி நடித்துக் காட்டினார். பிறகு இத்தாலிய எழுத்தாளர் பாப்பினி எழுதிய கிறிஸ்துவின் வரலாற்றை எடுத்து, மறுகன்னத்தைக் காட்டுவது பற்றிய பகுதியை வாசிக்கச் செய்தார். திருப்பி அடிக்காதிருக்கும் துணிவு வேண்டும் என்றார். ராபின்சன் இசைந்தார். 3,500 டாலர் முன்பணம், மாதம் 600 டாலர் சம்பளம். 1947 ஏப்ரல் 15 அன்று அவர் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். பின்பு நடந்தவற்றை உலகம் அறியும்.

அந்த நற்செயலின் ஓரத்திலும் ஒரு கணக்கு இருந்தது. ராபின்சன் அப்போது கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் என்ற கறுப்பினத்தவர் அணியில் விளையாடிக்கொண்டிருந்தார். அந்த அணிக்கு ரிக்கி ஒரு காசும் கொடுக்கவில்லை. 1949இல், வீரர்களைக் கட்டிவைக்கும் ஒப்பந்தப் பிரிவை எதிர்ப்போர் கம்யூனிசச் சாய்வுள்ளவர்கள் என்று மேடையில் சாடினார். நிறச்சுவரைக் கண்ட அவருடைய மனச்சாட்சி, ஒப்பந்தத்தாளில் இருந்த சுவரைக் காணவில்லை. ஒரு மனிதருக்காகத் தம் பெயரையும் தொழிலையும் பணயம் வைத்தவர், எல்லா வீரர்களையும் கட்டிய கயிற்றை நியாயமென்றே கருதினார்.

அந்தக் கயிறு ராபின்சனையும் விடவில்லை. 1956 டிசம்பரில் டாட்ஜர்ஸ் அணி அவரை ஒரு பந்துவீச்சாளருக்கும் ஒரு தொகைக்கும் ஈடாகத் தன் பரம எதிரியான நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. பத்து ஆண்டுகள் அந்த அணியின் முகமாயிருந்தவரிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. ஏற்கெனவே ஓய்வுபெறத் தீர்மானித்திருந்த ராபின்சன், புதிய அணிக்குப் போகாமலே விளையாட்டிலிருந்து விலகினார்.

பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதே கயிற்றைப் பிடித்து இழுத்தவர் கர்ட் ஃபிளட். கார்டினல்ஸ் அணியில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆடியவர். மைதானத்தின் நடுவெளியைக் காப்பதில் ஈடற்றவர். 1963 முதல் 1969 வரை ஆண்டுதோறும் தங்கக் கையுறை விருது பெற்றவர். 1969 அக்டோபரில் ஒரு விடியற்காலைத் தொலைபேசி அழைப்பு, அவர் பிலடெல்பியா அணிக்குக் கொடுக்கப்பட்டுவிட்டதை அறிவித்தது. அழைத்தவர் அலுவலகத்தின் நடுத்தர அதிகாரி ஒருவர். அந்த ஆண்டின் கிறிஸ்துமஸ் முந்தைய நாளன்று ஃபிளட் பேஸ்பால் ஆணையர் பௌயி கூனுக்குக் கடிதம் எழுதினார். தம் விருப்பத்தைக் கேளாமல் வாங்கவும் விற்கவும் தாம் ஓர் உடைமை அல்ல என்பதும், மற்ற அணிகளின் அழைப்பையும் பரிசீலிக்கத் தமக்கு உரிமை வேண்டும் என்பதுமே அதன் சாரம். ஆணையர் மறுத்தார். ஃபிளட் வழக்குத் தொடுத்தார்.

ஆண்டுக்கு 90,000 டாலர் வாங்குகிறவர் தம்மை அடிமையோடு ஒப்பிடலாமா என்று பலர் கேட்டார்கள். நல்ல சம்பளம் வாங்கும் அடிமையும் அடிமையே என்று அவர் விடை பகர்ந்தார். வீரர் சங்கத்தின் தலைவர் மார்வின் மில்லர், வழக்கில் வென்றாலும் அதன் பலன் உமக்குக் கிட்டாது என்று முன்னரே எச்சரித்திருந்தார். பின்வரும் வீரர்களுக்குக் கிட்டுமா என்பதே ஃபிளட்டின் கேள்வியாயிருந்தது. சங்கம் செலவை ஏற்றது. ஆனால் 1970இல் நியூயார்க்கில் விசாரணை நடந்தபோது, அன்று ஆடிக்கொண்டிருந்த வீரர்களில் ஒருவர்கூட நீதிமன்றத்தில் வந்து அமரவில்லை. சாட்சி சொல்ல வந்தவர்களில் ஒருவர், தலை நரைத்து உடல் தளர்ந்திருந்த ஜாக்கி ராபின்சன்.

1972 ஜூனில் உச்சநீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் ஃபிளட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பேஸ்பாலுக்குத் தரப்பட்ட விலக்கு பொருத்தமற்றது என்று ஒப்புக்கொண்ட நீதிபதிகள், அதைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை என்று கூறிவிட்டார்கள். ஃபிளட் 1970ஆம் ஆண்டு முழுவதும் ஆடவில்லை. 1971இல் வாஷிங்டன் அணியில் பதின்மூன்று ஆட்டங்கள் மட்டும் ஆடிவிட்டு அயல்நாட்டுக்குப் போய்விட்டார். சிறந்த ஆட்டக்காரராய் இருந்திருக்கக்கூடிய ஆண்டுகளை அவர் இழந்தார்.

ஆயினும் விதைத்தது வீண்போகவில்லை. 1973இல், பத்தாண்டு அனுபவமும் கடைசி ஐந்தாண்டுகள் ஒரே அணியில் ஆடிய பின்னணியும் உள்ள வீரர் தம் இடமாற்றத்தை மறுக்கலாம் என்ற விதி வந்தது. ஃபிளட்டுக்குக் கிடைக்காத உரிமை அதுவே. 1975 டிசம்பர் 23 அன்று நடுவர் பீட்டர் சைட்ஸ், ஒப்பந்தத்தை ஓராண்டுக்கு மட்டுமே அணி புதுப்பிக்கலாம், அதன்பின் வீரர் சுதந்திரர் என்று தீர்ப்பளித்தார். விளையாட்டே அழிந்துவிடும் என்று உரிமையாளர்கள் அஞ்சினார்கள். அது அழியவில்லை. 1997 ஜனவரியில், 59 வயது நிறைந்த இரண்டாம் நாளில் ஃபிளட் மறைந்தார். மறு ஆண்டு, பெரிய அணிகளின் வீரர்களுக்கு அந்தச் சட்டப் பாதுகாப்பை அளித்து அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அவருடைய பெயரைப் பெற்றது.

சபையாரே, இந்த வரலாற்றில் ரிக்கியைத் தீயவராகக் காட்டுவது என் நோக்கமன்று. அவர் செய்ததில் பாதியைச் செய்யும் துணிவு நம்மில் பலருக்கு இல்லை. ஆனால் அவருடைய வாழ்க்கை நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது. எதிரே வந்து நிற்கும் ஒரு மனிதருக்கு இரங்குவது ஒன்று. முகம் தெரியாத பலரைக் கட்டியிருக்கும் ஏற்பாட்டை நீதியின் கண்கொண்டு பார்ப்பது வேறொன்று. முதலாவதைச் செய்தவர் இரண்டாவதையும் செய்துவிட்டதாக எண்ணிக்கொள்வது எளிது. வீட்டில் உழைப்பவருக்குக் கிறிஸ்துமஸ் அன்று புதுத்துணி கொடுக்கிறோம். வாரத்தில் ஒருநாள் ஓய்வு அவருக்கு உண்டா? கடையில் பத்தாண்டு உழைத்த இளைஞனின் திருமணத்துக்கு உதவுகிறோம். மேலான வேலை கிடைத்துப் போக நினைக்கையில் அவனை வாழ்த்தி அனுப்புகிறோமா, நன்றி கெட்டவன் என்கிறோமா?

இன்னொன்றும் உண்டு. ஃபிளட்டோடு நிற்க வேண்டியவர்கள் அவருக்காகக் கைதூக்கி வாக்களித்தார்கள். அவர் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. வந்து உட்கார்ந்தவரோ, அந்த வழக்கினால் தமக்கு எந்த ஆதாயமும் இல்லாத, நோயுற்ற ஒரு பழைய ஆட்டக்காரர். அவர் அந்த அடிகளை முன்பே பட்டிருந்தார்.

தன் ஆடுகளை எண்ணிக்கையால் அல்ல, பெயரால் அறிந்திருக்கும் மேய்ப்பரைப் பின்பற்றுகிறவர்கள் நாம். நம் உழைப்பிடங்களில், நம் வீடுகளில், நம் சபைப் பதிவேட்டிலுங்கூட, 'பெயர் பின்னர் அறிவிக்கப்படும்' என்று நாம் விட்டுவைத்திருப்பவர் யார்? இந்த வாரம் அவர்களில் ஒருவரிடம் போய், அவருடைய விருப்பம் என்ன என்று கேளுங்கள். இதுவரை எவரும் அவரைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

தேவன் தாமே நம்மை வழிநடத்துவாராக.