பெட்டிக்கு வெளியே ஒரு பிரதி

நல்லவாடு, புதுச்சேரிக்குத் தெற்கே கடலை ஒட்டிய மீனவ ஊர். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே கடலடி நிலம் அதிர்ந்தபோது இந்திய நேரம் காலை 6.28. அலை நம் கரைக்கு வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் கரையோர மக்களை எச்சரிக்க நாட்டில் ஓர் ஏற்பாடும் இல்லை. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது 2007 அக்டோபரில்தான். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். மூவாயிரத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்த நல்லவாட்டில் வீடுகள் போயின, படகுகள் போயின, உயிர்கள் தப்பின. சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர் இளைஞர் ஒருவர் செய்தி அறிந்து வீட்டுக்குப் போன் செய்தார். கடல்நீர் வீட்டுக்குள் வருகிறது என்று கேட்டதும் எல்லோரும் வெளியேறுங்கள் என்றார். ஊரிலிருந்தவர்கள் அங்கிருந்த தகவல் மையத்தின் கதவை உடைத்து, உள்ளே இருந்த ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இதை ஒரு போன் அழைப்பின் அற்புதமாகவே பலரும் எழுதிவிட்டார்கள். சர்வர்களில் தகவலைக் காக்க அமைக்கும் ரெய்டு என்ற டிஸ்க் அடுக்கின் வரலாற்றை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அற்புதத்தைவிடப் பயனுள்ள ஒன்று தெரியும்: ஒன்றுக்கு இரண்டாக வைத்திருப்பது பாதிக் காவல்தான், இரண்டும் ஒரே அடியில் விழாதபடி வைப்பதே மீதிப் பாதி.

அந்த ஒலிபெருக்கி அங்கே வந்த கதை 1998இல் தொடங்குகிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐ.டி.ஆர்.சி. அமைப்பின் நிதியுதவியோடு, புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. வில்லியனூர் நடுமையம், எம்பலம், கீழூர், வீராம்பட்டினம், நல்லவாடு போன்ற ஊர்கள் அதன் கிளைகள். டெலிபோன் இணைப்பே அரிதாக இருந்த காலம் என்பதால் வயர்லெஸ் வழியாகவும் தகவல் போனது. மின்சாரம் அடிக்கடி நின்றதால் சூரிய மின்தகடுகளையும் பொருத்தினார்கள். கரண்ட் போனாலும் கணினி ஓடியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளம் வெளியிடும் அலை உயரக் கணிப்பை வில்லியனூரில் எடுத்து, தமிழாக்கி, மீனவ ஊர்களுக்கு அனுப்புவார்கள். கணினித் திரையில் அதைப் படிக்க ஒருவர் போதும். கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது காதில் விழ வேண்டுமே! ஒலிபெருக்கி அதற்காக வந்தது. சுனாமியை நினைத்து அதை யாரும் வைக்கவில்லை. அன்றாடம் ஊர் கேட்டுப் பழகிய குரலாக இருந்ததால்தான் அன்று காலை அது சொன்னதும் ஊர் நகர்ந்தது.

ஒன்றுக்கு இரண்டாக வைக்கும் எண்ணம் கணினி உலகில் கணக்காகவே எழுதப்பட்டது. 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விலை கூடிய ஒரே பெரிய டிஸ்க்குக்குப் பதில் மலிவான சிறு டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்து வேலை வாங்கலாம் என்பது அவர்கள் வாதம். அதில் உள்ள ஆபத்தையும் அவர்களே சொன்னார்கள். ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்றால், நூறு டிஸ்க் சேர்ந்த அடுக்கில் 300 மணிக்கு ஒன்று பழுதாகும். இரண்டு வாரம்கூட இல்லை. ஆகவே பழுதை முன்கூட்டியே கணக்கில் எடுத்து அடுக்கை அமைக்க வேண்டும். ரெய்டு 1 என்பது ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கில் எழுதுவது. டிஸ்க்குகளை ஜோடியாக வைக்கும் இந்தப் பழக்கம் அதற்கு முன்பே இருந்தது. ரெய்டு 5 சற்று நுட்பமானது. ஐந்து, எட்டு, நான்கு என்ற மூன்று எண்களோடு கூட்டுத்தொகை பதினேழையும் எழுதி வைத்தால், எட்டு அழிந்தாலும் மற்றவற்றைக் கொண்டு அதை மீட்டுவிடலாம் அல்லவா? அதுபோன்ற சரிபார்ப்புத் தகவலை எல்லா டிஸ்க்குகளிலும் பரப்பி வைக்கிறார்கள். குறைந்தது மூன்று டிஸ்க் வேண்டும், ஒன்று போனால் தாங்கும். ரெய்டு 6க்கு நான்கு வேண்டும், இரண்டு போனாலும் தாங்கும். ரெய்டு 0 வேகத்துக்கு மட்டுமே. அதில் ஒன்று போனால் எல்லாம் போயிற்று.

ஆனால் எந்த ரெய்டும் ஒரு பெட்டிக்குள் இருப்பது. தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் ஜோடி டிஸ்க்கிலும் அதே நொடியில் அது அழியும். ஒரே நாளில் வாங்கிய டிஸ்க்குகள் ஒரே வயதில் தளரும். பழுதான ஒன்றை மாற்றி அடுக்கை மீட்டெழுதும் நீண்ட மணி நேரங்களில் அடுத்தது விழுவதும் உண்டு. வெள்ளம் வந்தால் பெட்டியோடு போகும். அன்று கடற்கரையும் அப்படி ஒரு பெட்டியாகத்தான் இருந்தது. பக்கத்து ஊர் பக்கத்து ஊரை எச்சரிக்க முடியவில்லை, எல்லா ஊரையும் ஒரே அலை அடித்ததால். நல்லவாட்டுக்கோ பெட்டிக்கு வெளியே, சிங்கப்பூரில், ஒருவர் இருந்தார்.

அது வெறும் அதிர்ஷ்டம்தானே என்று கேட்கலாம். அழைப்பு வந்தது அதிர்ஷ்டம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வீட்டுக்கு வந்த செய்தியைச் சில நிமிடங்களில் ஊர் முழுவதற்கும் சேர்த்தது ஆறாண்டு காலத் திட்டம் ஒன்றின் விளைவு. ஒலிபெருக்கி இல்லாவிட்டால் அந்தப் போன் ஒரு குடும்பத்தையும் அண்டை வீட்டாரையும்தான் காப்பாற்றியிருக்கும். பிரதி வைத்துக் காக்கும் இந்தச் சிந்தனை பெர்க்லியிலிருந்து கடன் வாங்கியது, கிராமத்துக்கு ஒட்டாதது என்ற ஆட்சேபமும் நிற்காது. ஓலை நெடுங்காலம் தாங்காது என்று அறிந்து, நைந்த ஏட்டைப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதி வந்தது இந்த நாடு. ஊர் ஊராய், மடம் மடமாய்ச் சிதறிக் கிடந்த ஏடுகளைத் திரட்டி ஒப்பிட்டுத்தான் உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஒரு பிரதியில் செல் அரித்த சொல்லை இன்னொரு ஊர்ப் பிரதி தந்தது. எல்லாம் ஒரே பரணில் இருந்திருந்தால் ஒரே கரையானுக்குப் போயிருக்கும்.

செலவு என்பதே மிஞ்சும் ஆட்சேபம்; சிறிய அலுவலகத்துக்கு ரெய்டே பெரிது, அதற்குமேல் வெளியூர்ப் பிரதி எதற்கு என்பார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறி, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பதின்மூன்று ஆண்டுக்குள் இரண்டு பெரும்புயல் பார்த்த மண்ணில் இது வீண்செலவு ஆகாது. பாகூரிலோ வில்லியனூரிலோ கூட்டுறவுச் சங்கக் கணக்கையும் பள்ளிப் பதிவேட்டையும் சர்வரில் வைத்திருப்பவர்கள் ரெய்டு அமைத்த அன்றே இன்னொரு வேலையையும் முடித்துவிட வேண்டும்: ஒரு பிரதியைக் கடலை விட்டுத் தள்ளி, வேறொரு ஊரில் வைத்துவிடுங்கள்.