கிறித்தவர் எழுதிய புதினங்கள் அச்சேறிய கதை

1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறு நூல் அச்சாகி வெளிவந்தது. பதினாறே பக்கங்கள். இந்திய மண்ணில் இந்திய மொழி எழுத்துகளில் அச்சான முதல் நூல் அதுவே என்பதை நம்மில் பலர் அறிவோம். இயேசு சபைத் துறவி அன்றீக் அடிகளாரின் உழைப்பையும் அறிவோம். அந்த அச்சு முயற்சிக்குப் பணம் தந்தவர்கள் முத்துக்குளித்துறையின் பரதவ மக்கள் என்பதை மட்டும் நாம் அவ்வளவாக நினைவுகூர்வதில்லை. கடலில் மூழ்கி முத்தெடுத்த எளிய மக்கள் திரட்டித் தந்த காசிலேதான் தமிழ் எழுத்து ஈயத்தில் வார்க்கப்பட்டது. அடுத்த ஆண்டே கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வந்தது. 1586இல் புனிதர்களின் வரலாறு கூறும் ‘அடியார் வரலாறு’ வந்தது.

இவ்வளவு முன்னதாக அச்சு நம் கைக்கு வந்தும், கிறித்தவர் தமிழில் எழுதிய கற்பனைக் கதைகள் அச்சுக்கு வந்த வழி நேரானதாக இருக்கவில்லை. செபமாலை, ஞானோபதேசம், புனிதர் சரிதை, பாடல் ஆகியவற்றுக்கு மறைப்பணி அச்சுக்கூடங்களின் வாயில் எப்போதும் திறந்தே இருந்தது. கதைக்கு அப்படியில்லை. கதை பெரும்பாலும் வேறு கைகளின் வழியாகவே வாசகரை அடைந்தது. அந்தக் கைகள் எவை என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீரமாமுனிவரிடமிருந்து தொடங்குவோம். ‘பரமார்த்த குருவின் கதை’யை அவர் மக்கள் படிப்பதற்கென்று எழுதவில்லை, ஐரோப்பாவிலிருந்து வந்த மறைப்பணியாளர்கள் பேச்சுத் தமிழின் போக்கைக் கற்றுக்கொள்ளும் பொருட்டு, இலத்தீன் மொழிபெயர்ப்போடு எழுதினார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களும், ஆறு உறங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதித்துப் பார்த்ததும், குதிரை முட்டை வாங்கப் போனதும் நமக்கெல்லாம் சிறுவயதிலேயே தெரிந்தவை. ஆனால் 1747இல் ஆசிரியர் மறைந்து முக்கால் நூற்றாண்டு சென்ற பின்னரே அது அச்சேறியது, அதுவும் லண்டனில். சென்னையில் ஆட்சிப் பணியில் இருந்த பெஞ்சமின் பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர் அதை ஆங்கில மொழிபெயர்ப்போடும் சொல்லடைவோடும் 1822இல் வெளியிட்டார். அவர் பின்னாளில் மருத்துவராகி, தொண்டைக்குள்ளே ஒளி பாய்ச்சிப் பார்க்கும் கருவி ஒன்றை வடிவமைத்தார் என்பது வேறு கதை. தமிழின் முதல் உரைநடைப் புனைவு என்று போற்றப்படும் நூலை முதலில் அச்சிட்டவர் ஒரு பங்குக் குருவும் அல்லர், ஒரு தமிழரும் அல்லர். முனிவரின் காவியமாகிய தேம்பாவணியோ புதுச்சேரி மறைப்பணி அச்சுக்கூடத்திலேயே 1851 முதல் 1853 வரை மூன்று பகுதிகளாக வெளிவந்தது. தாமதம் அதற்கும் உண்டு. ஆயினும் அது தன் வீட்டிலேயே அச்சேறியது.

இங்கே ஒன்றை இடைச்சொல்லாகக் கூற விரும்புகிறேன். 1960 ஏப்ரல் முதல் நாள்வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்து, பின்னர் தமிழகத்தோடு இணைந்த எங்கள் பள்ளிப்பட்டுப் பகுதியில் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுபவை. தெலுங்கில் ‘பரமானந்தய்ய சீடர்கள் கதை’ என்று வழங்குவதும் இதே வகைக் குருவையும் மூடச் சீடர்களையும் பற்றியதே. அதைக் கேட்டுச் சிரிக்கும் முதியவருக்குத் தமிழில் இதை எழுதியவர் ஓர் இத்தாலியத் துறவி என்று சொன்னால் நம்ப மாட்டார். கதை அவ்வளவு முழுமையாக மக்களுடையதாகிவிட்டது.

அடுத்து மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாகப் பிறந்த கத்தோலிக்கர். நீதிமன்றத்தில் பதிவேடு காப்பவராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் தொடங்கி, மாவட்ட முன்சீப்பாக உயர்ந்தவர். அவருடைய உரைநடைக்குப் பயிற்சிக்களம் கோயிலன்று, நீதிமன்றமே என்று நான் கருதுகிறேன். 1805 முதல் 1861 வரையிலான உயர்மன்றத் தீர்ப்புகளைத் திரட்டித் தமிழில் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று 1862இல் அவர் வெளியிட்டார். சாட்சி சொல்பவனின் பேச்சையும் வழக்குரைஞரின் வாதத்தையும் ஆண்டுக்கணக்கில் கேட்டும் எழுதியும் பழகிய கைதான், கதை சொல்ல வந்தபோது தயங்காமல் ஓடியது.

அக்காலத்தில் நூல் வெளியிடுவது எவ்வளவு கடினம் என்பதை இன்று எண்ணிப் பார்ப்பது எளிதன்று. 1835ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே இந்தியர் தடையின்றி அச்சகம் நடத்த முடிந்தது. பெரும்பாலும் நூலாசிரியரே பதிப்பாளர். தம் பணத்தைப் போட்டோ, முன்கூட்டியே கையொப்பமிட்ட அன்பர்களிடம் திரட்டியோ தாளுக்கும் அச்சுக்கும் கூலி கொடுக்க வேண்டும். புலவர்களிடம் சிறப்புப்பாயிரம் பெற்றுச் சேர்க்க வேண்டும். செய்யுளுக்குப் பாயிரம் எழுதப் புலவர் உண்டு. உரைநடைக் கதைக்கு எவர் எழுதுவார்? 1859இல் ‘நீதிநூல்’ வெளியிட்டவருக்கு, இருபது ஆண்டு கழித்து ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை வெளியிடத் துணிவு வேண்டியிருந்தது. இடையில் 1872இல் அவர் பதவியை விட்டிருந்தார். 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் மாயூரத்தில் கஞ்சித்தொட்டிகள் வைத்துப் பசித்தோர்க்கு உணவளித்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் பாடியது அந்தக் கொடைக்காகவே. அந்தப் பஞ்சம் தணிந்த கையோடு, 1878இல் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’யும், 1879இல் சென்னையில் அச்சாகிப் ‘பிரதாப முதலியார் சரித்திர’மும் வந்தன.

தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைப் போக்கவே எழுதினேன் என்று அவர் ஆங்கிலத்தில் எழுதிய முன்னுரையில் காரணம் கூறுகிறார். முதன்மைப் பாத்திரங்களைக் குற்றமற்றவராகவே படைத்ததற்கு ஆங்கில அறிஞர் ஜான்சனைத் துணைக்கு அழைக்கிறார். தமிழ்க் கதைக்கு ஆங்கில முன்னுரை ஏன்? நாவல் என்னும் இலக்கிய வடிவத்தை முன்பே அறிந்தவர்கள் அன்று ஆங்கிலம் கற்ற சிலரே. அவர்களிடம் முதலில் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது போலும். நூலின் உள்ளே அவரே தமிழ் நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வாதிடும் வழக்குரைஞர்களை நையாண்டி செய்து தீர்க்கிறார்!

இந்நூலில் கிறித்தவத்தைத் தேடும் கத்தோலிக்க வாசகர் ஏமாந்துபோவார். நாயகன் பிரதாப முதலியாரும் நாயகி ஞானாம்பாளும் சைவக் குடும்பத்து மக்கள். கடவுள் உண்டு, அவர் எல்லாருக்கும் பொதுவான கடவுள். ‘தேவமாதா அந்தாதி’யும் ‘திருவருள் மாலை’யும் பாடிய அதே கை, கதை என்று வந்தபோது தன் வீட்டையும் தன் கோயிலையும் தன் சமூகத்தையும் வெளியே நிறுத்திவிட்டது. இதைக் குறை என்று சிலர் சொல்வர். எனக்கு அது அக்கால நிலையின் விளைவாகவே தோன்றுகிறது. தமிழ் மக்கள் அனைவரும் படிக்கும் கதையை எழுத வந்தவர், கிறித்தவக் குடும்பத்தைக் கதையாக்கினால் அது கிறித்தவர் மட்டுமே படிக்கும் நூலாக ஒதுக்கப்படும் என்று அறிந்திருப்பார். கிறித்தவர் எழுதிய தமிழ்ப் புதினத்துக்குள் கிறித்தவர் நுழைவதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின.

ஈழத்தில் நிலைமை சற்றே வேறு. திருகோணமலை இன்னாசித்தம்பி 1891இல் எழுதிய ‘ஊசோன் பாலந்தை கதை’, காட்டில் கரடி வளர்த்த ஒருவனும் அரண்மனையில் வளர்ந்த ஒருவனுமாகிய இரட்டையரைப் பற்றிய பழைய ஐரோப்பியக் கதையின் தமிழ் வடிவம். அச்சுவேலியில் ஞானப்பிரகாச யந்திரசாலையை நடத்திய ச. தம்பிமுத்துப்பிள்ளை அதைப் பதிப்பித்தார். தாமே ‘அழகவல்லி’ என்னும் நாவலும் எழுதினார். அவர் குருவல்லர், பொதுநிலையினர். கத்தோலிக்கப் பொதுநிலையினர் ஒருவர் தம் அச்சுக்கூடத்தில் தம் மக்களுக்குக் கதை அச்சிட்ட இந்த நிகழ்வுக்கு ஈடாகத் தமிழகத்தில் அன்று ஒன்றை என்னால் சொல்ல இயலவில்லை. 1914இல் மங்களநாயகம் தம்பையா எழுதிய ‘நொறுங்குண்ட இருதயம்’ ஈழத்துப் பெண் ஒருவரின் முதல் நாவல். தலைப்பே திருப்பாடலை நினைவூட்டும். கதை, கிறித்தவக் குடும்பத்து மணவாழ்க்கையின் துயரைப் பேசும்.

தமிழகத்தில் கிறித்தவக் குடும்பம் தன் முகத்தோடு கதைக்குள் வந்து நின்றதற்கு நான் முதலில் சுட்டுவது ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’. ஆண்டு 1964. திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியையாக இருந்த இவர் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர். நொடித்துப்போன பனைவிளைக் குடும்பத்து லிஸிக்கும் பனையேறியின் மகன் தங்கராஜுக்கும் இடையிலான அன்பே கதை. ஒரே கோயிலில் முழந்தாளிடுவோரிடையே உயர்வு தாழ்வு எப்படிக் குடிகொள்கிறது என்பதை அது உரத்துப் பேசாமலே காட்டிவிடுகிறது. வெளியிட்டது யார்? சென்னைத் தமிழ்ப் புத்தகாலயம். அதன் உரிமையாளர் கண. முத்தையா, நேதாஜியின் இயக்கத்தில் ஈடுபட்டவர். ராகுல சாங்கிருத்தியாயனின் ‘வால்காவிலிருந்து கங்கை வரை’யைத் தமிழில் தந்தவர். பொதுவுடைமைச் சார்பான நூலை மொழிபெயர்த்த கைதான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குச் செல்லும் லிஸியைத் தமிழ் வாசகருக்கு அறிமுகப்படுத்தியது.

இதுவரை சொன்னதில் திருச்சபையின் பதிப்பு நிறுவனங்கள் ஓரமாகவே நிற்கின்றன. 1992இல் அது மாறியது. யாரும் எதிர்பாராத வகையில் மாறியது. அவ்வாண்டு மதுரையில் இயேசு சபையார் நடத்திய ‘ஐடியாஸ்’ என்னும் சமூக ஆய்வு மையம், பாமாவின் ‘கருக்கு’ நூலை வெளியிட்டது. விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, கன்னியர் மடத்தில் ஏழாண்டுகள் வாழ்ந்து, அதை விட்டு வெளியேறிய ஒரு பெண்ணின் வாழ்வு அது. தன்வரலாறா, புதினமா என்று திறனாய்வாளர் இன்றும் வாதிடுவர். பேச்சுத் தமிழில், ஊரார் பேசுகிறபடியே எழுதப்பட்டது. பனைமட்டையின் இருபுறமும் அறுக்கும் கருக்கையும், எபிரேயர் திருமுகம் கூறும் இருபுறமும் கூர்மையான வாளையும் முன்னுரையில் அவர் ஒன்றாக நிறுத்துகிறார்.

அந்த நூல் பங்கிலும் பள்ளியிலும் மடத்திலும் தாம் கண்ட சாதியைப் பெயர் சொல்லிக் கூறியது. அதை அச்சிட்டது திருச்சபையின் ஒரு நிறுவனம்! எழுதத் தூண்டியவரும் ஒரு குரு. ‘யாத்திரை’ என்னும் புதினத்தை எழுதிய மாற்கு அடிகளார். இதைத் திருச்சபையின் பெருந்தன்மை என்று கொண்டாடிவிட்டு நகர்ந்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சிறு ஆய்வு மையத்தின் துணிவு வேறு, பங்குகளின் மனநிலை வேறு. புத்தகம் வந்தவுடன் பாமாவின் சொந்த ஊராரே சினந்து, சில மாதங்கள் அவரை ஊருக்குள் வரவிடவில்லை. தங்கள் தெருவின் செய்திகளையும் பட்டப்பெயர்களையும் ஊரறிய அச்சில் போட்டுவிட்டாரே என்பது அவர்கள் வருத்தம். படித்த இளைஞர்கள் பெரியவர்களுக்கு விளக்கிச் சொன்ன பிறகே சினம் தணிந்தது. ஒரு புத்தகத்தை ஊரே கூடிப் படித்துப் பேசித் தீர்த்தது என்றால், அதைவிடப் பெரிய வாசிப்பு எந்த எழுத்தாளருக்குக் கிட்டும்? 1994இல் அதே மையம் ‘சங்கதி’யையும் வெளியிட்டது. லட்சுமி ஹோம்ஸ்டிரோம் ‘கருக்கு’வை 2000இல் ஆங்கிலத்தில் தந்தபின் அது உலகெங்கும் சென்றது. ‘புத்தம் வீடு’ம் மொழிபெயர்ப்பில் ஆங்கிலம் கண்டது.

பாமாவின் தமையனார் ராஜ் கௌதமன் 2002இல் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ எழுதினார். தமிழினி வெளியீடு. தலைப்பைப் படித்தவுடன் பிரதாப முதலியார் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. அங்கே தலைப்பில் நின்றவர் வசதிபடைத்த நிலவுடைமைக் குடும்பத்தவர். இங்கே இராணுவத்தானின் மகனான ஒரு தலித் கத்தோலிக்கச் சிறுவன், சாமியார்களின் பள்ளிகளிலும் விடுதிகளிலும் வளர்கிறவன். பட்டப்படிப்பு முடித்தும் வேலை கிட்டாத அவனுக்குச் சிரிப்பு மட்டும் வற்றுவதில்லை. 2024 நவம்பரில் ஆசிரியர் மறைந்தார். நம் இல்லங்களில் செப நூலுக்கு அருகில் இப்படி ஒரு நூல் வைக்கப்பட்டிருப்பதைக் காண எனக்கு ஆவல் உண்டு. எங்கள் பள்ளிப்பட்டுப் பக்கம் அந்தக் காட்சி அரிது.

அதே தமிழினியிலிருந்து 2004இல் வந்தது ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’. ஆசிரியர் உவரிக்காரர், கப்பல் போக்குவரத்துத் தொழிலில் இருந்தவர். ஆமந்துறை என்னும் கற்பனைக் கடற்கரையூரில் மூன்று தலைமுறைப் பரதவர் வாழ்வைக் கட்டுமரத்தோடும் காற்றின் பெயர்களோடும் அவர் எழுதினார். ஊராரோடு கலந்து வாழ்ந்த காகு சாமியாரை அதில் படித்தவர் மறக்க மாட்டார்கள். அவ்வாண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தக் கரைகளைத் தாக்கியது. பின்னர் அவர் எழுதிய ‘கொற்கை’ 2013ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. கொல்லத்தில் தமிழ் எழுத்தை வார்க்கக் காசு கொடுத்த முத்துக்குளித்துறை மக்களின் வாழ்வு, அவர்களுள் ஒருவரால் இவ்வளவு பெரிய புதினமாக எழுதப்பட்டு அச்சேற 426 ஆண்டுகள் சென்றிருந்தன.